உறை பிரிக்காத லைஃப் ஜாக்கெட்

தூத்துக்குடியில் டால்பின் பார்க்கக் கிளம்பிய படகில் பூவனநாதன் தனியாக ஏறினான். போன வருடம் மனைவி சுதாராணியோடு ஏறிய அதே படகு. அன்று அவள் தவறி விழுந்தபோது லைஃப் ஜாக்கெட்டுகள் எல்லாம் உறை பிரிக்காமல் இருக்கைக்கு அடியில் கிடந்தன. குடிதண்ணீருக்கே காத்துக்கிடக்கும் கோவில்பட்டிக்காரர்களுக்கு நீச்சல் ஏது? உடல்கூடக் கிடைக்கவில்லை. "அந்தப் பிள்ளதான் ஜாக்கெட்டக் கழட்டிப் போட்டுச்சு" என்று படகுக்காரர் சாமித்துரை போலீசிடம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

அவருக்கு இன்று அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் ஒரு ஜாக்கெட்டை எடுத்ததும், "பிரிச்சிராதீங்க தம்பி, அழுக்காயிரும்" என்றார். அவன் அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டான்.

நடுக்கடலில் சாமித்துரை இன்ஜினை நிறுத்திவிட்டு, துடுப்பால் படகின் பக்கவாட்டில் தட்டினார். "இந்தச் சத்தத்துக்குத்தான் டால்பின் வரும், பாத்துக்கிடுங்க."

இடப்பக்கம் டால்பின்கள் துள்ளின. எல்லோரும் செல்போனோடு அங்கே திரும்பினார்கள். அப்போது வலப்பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. வேலை முடிந்து வரும் சுதாராணி வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவாள்.

"என்னது அது?" என்றார் சாமித்துரை.

"குனிஞ்சு பாருங்க அண்ணாச்சி. அவ உங்களத்தான் கூப்பிடுதா."

"ஆரு, டால்பினா?" சிரித்துக்கொண்டே சாமித்துரை குனிந்தார். தண்ணீர் தெறிக்கக்கூட இல்லை.

இப்போது படகின் அடியில் இரண்டு பேர் தட்டினார்கள். ஒருவர் நிதானமாக, மற்றவர் அவசர அவசரமாக.

பூவனநாதன் மடியிலிருந்த ஜாக்கெட்டின் பிளாஸ்டிக் உறையை நீவிவிட்டான். பிரித்தால் அழுக்காகிவிடும்.