கூடக் கிடைத்த ஐந்நூறு

"ஒரே பட்டறை, ஒரே லேத் வேலை. அவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு, உங்களுக்கு மட்டும் நாலாயிரமா? கேட்க நாதியில்லைன்னு நினைச்சுட்டானுங்களா?"

மேசைமேல் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று, மருமகனுக்கு வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்திருந்த வேலைக் கடிதம். இன்னொன்று, அதே வேலைக்குத் தேர்வான பக்கத்து லேத்காரரின் கடித நகல். மாமனார் இரண்டையும் மாறி மாறி விரலால் குத்திக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு வருடம் தொழிற்சங்கத்தில் கழித்தவர். ஆயிரம் பேர் கூடினாலும் ஒலிபெருக்கி கேட்காத தொண்டை. ஊரில் 'மைக்' என்றால்தான் தெரியும்.

"விடுங்க மாமா," என்றார் மருமகன். "குடும்பத்தோடதான் போவேன்னு அந்த ஆபீஸ் அம்மாகிட்ட சொன்னேன். யோசிச்சு, இப்படி எழுதிக் கொடுத்தாங்க. எனக்கு இதுவே போதும்."

"போதும்னு சொல்ற தொழிலாளியைத்தான் ஊர் ஊராத் தேடிட்டிருக்கான் முதலாளி. கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? அந்த ஊர்க் காசுல அங்கே வாடகைக்கே ஆயிரத்து எண்ணூறு. ரெண்டு பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் ஆயிரம். மிச்சத்துல நாலு வயிறு. அந்த ஐந்நூறு இருந்தாத்தான் மாசக் கடைசியில அடுப்பு எரியும்."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அப்பா, வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு. பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தியாச்சு. இப்போ போய் எதையாவது கிளறி வைக்காதீங்க."

"கிளறாம எந்தக் காலத்துலம்மா எது கிடைச்சிருக்கு?"

இரண்டு கடிதங்களையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆளெடுக்கும் அலுவலகத்தில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மைக் நேராக மேசைக்குப் போனார். கடிதங்களைப் பார்த்ததும் எழுத்தர் பெண்ணின் முகம் வெளுத்தது. சட்டென்று மடித்து அவரிடமே நீட்டினாள்.

"ஐயா, இது இப்படியே இருக்கட்டும். சாயங்காலம் நானே போன் பண்ணி விவரமா சொல்றேன்."

"ஏன், இங்கே சொன்னா என்ன? நாலு பேர் காதுல விழக்கூடாத நியாயமா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ளே மேனேஜர் இருக்கார்."

"அவருக்குக் கேட்கணும்னுதான் பேசறேன். ரகசியமாப் பேசி முடிக்கிறதெல்லாம் கருங்காலி வேலை, எனக்குப் பழக்கமில்லை. ஆமா, அந்த ஐந்நூறுல உன் பங்கு எவ்வளவும்மா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வரிசை மொத்தமும் அவளையே பார்த்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். இரண்டு கடிதங்களையும் வாங்கிப் படித்தார். மருமகனின் கடிதத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியவர் கேட்கிறது நூத்துக்கு நூறு நியாயம். தப்பு நடந்திருக்கு. இப்பவே சரி பண்ணிடலாம்."

பத்தே நிமிடத்தில் புதுக் கடிதம் வந்தது. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு. மேனேஜர் கைகுலுக்கி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். முதலாளி வீட்டு ஆள் வாசல்வரை வந்தால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியவர்தான். அன்று அவருக்கே அது தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் சொன்னபடியே போன் வந்தது.

"மன்னிப்புக் கேட்கத்தான் இருக்கும். எல்லாரும் கேளுங்க," என்று ஸ்பீக்கரில் போட்டார் மைக்.

"ஐயா, புதுக் கடிதத்துல அடிப்படைச் சம்பளம் எவ்வளவுன்னு பாருங்க."

மகள் வாங்கிப் படித்தாள். "ரெண்டாயிரத்து ஐந்நூறு. மிச்சமெல்லாம் படின்னு போட்டிருக்கு."

"பழைய கடிதத்துல நாலாயிரமும் அடிப்படை. அவ்வளவு இருந்தாத்தான் அந்த நாட்டுல பெண்டாட்டி பிள்ளைங்களுக்கு விசா கொடுப்பாங்க. கம்பெனிக்கு அது பிடிக்காது. தனி ஆளா வந்தா ஒரு அறையில எட்டுப் பேரை அடைச்சுடலாமே. அதனால அடிப்படையைக் குறைச்சு, படியைக் கூட்டி எழுதச் சொல்வாங்க. மேனேஜர் மொத்தத்தை மட்டும்தான் பார்ப்பார். அது குறைஞ்சிருந்தா கேள்வி கேட்காம கையெழுத்துப் போடுவார். குடும்பத்தை விட்டுட்டுப் போக முடியாதுன்னு சொல்றவங்களுக்கு மட்டும் நான் மொத்தத்தைக் குறைச்சு, எல்லாத்தையும் அடிப்படையாவே எழுதிடுவேன்."

படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர் என்று ஆலை வாசலில் எட்டு நாள் பட்டினி கிடந்தவர் மைக். இன்று கடிதத்தின் கடைசி வரியை மட்டுமே பார்த்திருக்கிறார்.

"கூலி குறைஞ்சவன் பெண்டாட்டியோட வாழக்கூடாதுன்னு எவன் போட்ட சட்டம்?" என்றார். கதவோரம் கட்டி வைத்திருந்த பெட்டிமேல் மகள் உட்கார்ந்துவிட்டாள்.

"பழைய கடிதத்தையே திருப்பிக் கேட்டா?" என்றார் மருமகன்.

"அதைக் கிழிச்சுட்டாருங்க."

"உன்னை என்னம்மா பண்ணினாங்க?" மைக்கின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அது பரவாயில்லைங்கய்யா, நான் வேற எங்கேயாவது பார்த்துக்குவேன். காலையில எனக்கு முன்னாடி வரிசையில நின்னாங்களே, அதுல ஏழு பேர் குடும்பத்தோட போகணும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க கடிதத்தை இனிமே மேனேஜரே எழுதுவார்."