மகள் கையில் ஒரு பொத்தான்

பக்கவாதத்துக்குப் பின் தனுஷ்கோடிக்குக் கழுத்தில் கட்டிய மின்பட்டை தொண்டையை உந்தினால்தான் உணவு இறங்கும். அதை இயக்கும் பொத்தான் துபாயில், மகள் பொற்கொடியின் கைப்பேசியில் இருந்தது. மதியவேளையில் அவள் தன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, திரையில் அப்பாவைப் பார்த்தபடி வாய்க்கு வாய் பொத்தானை அழுத்துவாள்.

இன்று அவர் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க? புரையேறிடும்!"

அவர் ஒரு கரண்டி கஞ்சியை வாயில் இட்டார். அவளுக்குத் தெரியாமல் தனியாக விழுங்கிப் பழகியிருந்தபடி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, கண்களை இறுக்கினார். குரல்வளை நடுங்கி, மேலேறி இறங்கியது. இருமல் வரவில்லை. அடுத்த வாயும் இறங்கியது.

பொற்கொடி விம்மினாள். அவர் கரண்டியால் திரையில் தெரிந்த அவள் தட்டைக் காட்டி, குழறிக் குழறிச் சொன்னார்:

"சோறு... ஆறுது. நீ... சாப்பிடு."