சமையலறை வலது பக்கம்

மேல் வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம் மறுபடியும் தலைக்கு மேல் கேட்டது.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று மனைவி எழுந்தாள்.

"அந்தம்மாவுக்கு ஃபிரெஞ்சு மட்டும்தானே தெரியும்? எப்படிச் சண்டை போடுவே?" என்றான் கணவன்.

"நானும் ஃபிரெஞ்சு கிளாஸ் போறேன்ல?"

"போன வாரம்தானே சேர்ந்தே? மாடி, தரைத்தளம், சமையலறை, இடது, வலது... அவ்வளவுதானே நடத்தியிருக்காங்க?"

"அது போதும். குரல்ல காரம் இருந்தா சரி."

விறுவிறுவென்று மாடி ஏறினாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு?"

"'நீங்க பிரமியே எத்தாஷ், முதல் மாடி! நாங்க ரே-த-ஷோஸே, உங்களுக்கு நேர் கீழே தரைத்தளம்!'னு ஆரம்பிச்சேன். காரமே வரலைங்க. கிளாஸ்ல சொல்லிக் கொடுத்த ராகத்துல வருது! வார்த்தையும் தீர்ந்துபோச்சு. சும்மா திரும்பினா தோத்த மாதிரி இருக்குமேன்னு, 'சமையலறை வலது பக்கம்!'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவன் சிரித்து முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

"வந்துட்டாங்க பாரு சண்டைக்கு! நீயே போய்த் திற."

வாசலில் மேல் வீட்டு அம்மா, தலையை அழகாக வாரிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கையில் மூடி போட்ட பாத்திரம். விருந்தாளிக்கு இடம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு கையில் நாற்காலி. அந்தக் கட்டடத்தில் யாரோ தன்னை முதன்முதலாக வீட்டுக்குக் கூப்பிட்டதுபோல் முகமெல்லாம் சிரிப்பு.

யாரிடமும் வழி கேட்கவில்லை. உள்ளே வந்து, நேராக வலது பக்கம் திரும்பினார்.

அன்று நாற்காலி இழுபடும் சத்தம் மேலே கேட்கவில்லை. கீழேதான் கேட்டது.