முற்றுப்புள்ளி மேனேஜர்

“வேணும்னே பண்ணியிருக்கான் சார்! பழி வாங்கிட்டான்!” என்று மேனேஜர் போட்ட கத்தலில் மீன் குளிர்கிடங்கே நடுங்கியது. குளிரில் நடுங்கத்தான் அங்கே குளிர் இல்லை.

அறைக்கு அறை மீன் பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்ப்யூட்டர்காரனைப் பார்த்தார். அவன் தலை குனிந்து நின்றான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். இந்த வேலையும் போனால் அவன் கதி அதோகதி.

“என்னய்யா பழி?” என்றார் முதலாளி.

“விளக்கம் எழுதுடான்னு ஒரு வாரமா விரட்டினேன் சார். அந்தக் கடுப்பு!”

விரட்டியது உண்மைதான். குளிர் எவ்வளவு, விசிறி எப்போது ஓட வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் தலைக்கு மேலே அது எதற்கு என்று விளக்கம், கம்ப்யூட்டர் பாஷையில் ‘கமெண்ட்’, எழுத வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். பக்கத்தில் எழுதினால் தப்பு. அரை வாக்கியமாக எழுதினால் தப்பு. கடைசியில் புள்ளி வைக்காவிட்டால் மகா தப்பு. கிடங்கில் அவருக்குப் பெயரே முற்றுப்புள்ளி. மீன் நாறினாலும் புள்ளி நிற்க வேண்டும். இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் கம்பெனி நடத்துகிறார்கள்.

“மைனஸ் பதினெட்டுன்னு மொட்டையா போட்டிருக்கியே, பதினெட்டு என்ன? டிகிரியா, கிலோவா?” என்று முதல் நாளே பிடித்துக்கொண்டார் மேனேஜர்.

“குளிரை எவன் சார் கிலோவுல நிறுப்பான்?”

“எதிர்த்துப் பேசாதே, எழுது! இந்த மூணாவது விசிறிக்கு ஏன் ஒண்ணுமே எழுதல?”

“அது பழுது சார். முன்னால # போட்டு கமெண்ட் பண்ணிட்டேன். இனிமே ஓடாது.”

“ம்... ம்...” என்று மேனேஜர் தலையாட்டினார். புரியாததற்கெல்லாம் தலையாட்டித்தான் அவர் மேனேஜர் ஆனார்.

வாரம் முழுக்க இதே கூத்து. திருத்தித் திருத்தி அவனுக்குக் கையும் மனசும் மரத்துப்போயின.

இப்போது முதலாளி அந்த ஃபைலைத் திறக்கச் சொன்னார். திரையில் மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு # நின்றது.

“இதைப் போட்டா மெஷின் அந்த வரியைப் படிக்காது சார்” என்றான் அவன்.

“போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

மேனேஜர் துள்ளிக் குதித்தார். “அவன் வாயாலேயே கேட்டீங்களா! இந்த நாசத்துக்குக் காரணமானவன் இப்பவே வெளிய போகணும் சார். என் சொந்த மச்சானா இருந்தாலும் விடக்கூடாது!”

“நியாயம்தான், காரணமானவன் போகட்டும்” என்றார் முதலாளி. பிறகு கம்ப்யூட்டர்காரன் பக்கம் திரும்பினார். “சோறு போடுற இடத்துக்கு ஏன்ப்பா இப்படிப் பண்ணினே?”

அவன் முதல்முறையாக நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தான்.

“‘ஒரு வரி விடாம எல்லாத்தையும் கமெண்ட் பண்ணு, எதிர்க்கேள்வி கேக்காதே’ன்னு நேத்து நீங்கதானே சார் ஃபோன்ல சொன்னீங்க?”