சிரித்த இடங்கள்

மொழிபெயர்ப்பாளர் கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

என்ன பாடு பட்டாவது இந்த ஒரு காட்சிக்குச் சிரிக்காமல் இருந்துவிட வேண்டும்.

தணிக்கை அலுவலகத்தின் குட்டித் திரையரங்கில் யாரும் கேள்விப்பட்டிராத தூர தேசத்துப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மொழி தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். பக்கத்தில் குறிப்பெழுதும் அம்மா, மடியில் படிவம், கையில் பென்சில். பின்வரிசையில் தலைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் விழித்திருந்துதான் என்ன ஆகப்போகிறது? சேர்ந்த புதிதிலேயே முதுகில் தட்டிச் சொல்லிவிட்டார்.

“நீங்க எங்க சிரிக்கிறீங்களோ, அங்கதான் சார் வில்லங்கம் இருக்கு.”

இவர் சிரித்தால் அந்த அம்மா நேரத்தைக் குறிப்பார். குறித்த இடமெல்லாம் கத்தரிக்குப் போகும். மூன்று வருடமாகத் தனக்குப் பிடித்ததையெல்லாம் தன் வாயாலேயே காவு கொடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

இன்றைக்கும் பதினோரு இடம் போயாயிற்று. பல்வலியை நினைத்துப் பார்த்தார். செத்துப்போன மனைவியை நினைத்துப் பார்த்தார். பாழாய்ப்போன சிரிப்பு கேட்டால்தானே?

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி. இடிந்துபோன பாலத்தைத் திறந்துவைக்க மந்திரி வருகிறார். ஊரே கழுத்தளவு ஆற்றில் நின்று பலகைகளைத் தலையில் தாங்குகிறது. பாலம் எவ்வளவு உறுதி என்று காட்ட, மந்திரி காலால் ஓங்கி மிதிக்கிறார். அத்தனை தலைகளும் தண்ணீருக்குள் முங்கி எழுந்து, “வாழ்க!” என்கின்றன. மறுபடி மிதிக்கிறார். மறுபடி முங்கல், மறுபடி வாழ்க. இந்த முறை ஒரு தலை குறைகிறது.

மொழிபெயர்ப்பாளர் நாக்கைக் கடித்தார். ரத்தம் கரித்தது. சிரிக்கவில்லை.

அப்பாடா, ஒன்றாவது பிழைத்தது.

அப்போது களுக்கென்று ஒரு சிரிப்பு.

குறிப்பெழுதும் அம்மா! மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடப் பல்லைக் காட்டாதவர். வாயைப் பொத்திக்கொண்டு, வெலவெலத்துப்போய் அவரைப் பார்த்தார்.

பின்னால் குறட்டை நிற்கவில்லை. யார் காதிலும் விழவில்லை.

எழுத வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் இரண்டு கையையும் கூப்பினார்.

அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பென்சில் படிவத்தில் நகர்ந்தது.

“நேரத்துக்குத்தான் கட்டம் இருக்கு சார். யார் சிரிச்சாங்கன்னு எழுதக் கட்டம் இல்ல.” அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

விளக்கு எரிந்ததும் படிவம் கைமாறியது. பன்னிரண்டு இடம்.

மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, அடியில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார்.