மடக்கு மேசை

சமையலறை வாசலில் மறுபடியும் இழைப்புளிச் சத்தம் கேட்டது.

"இங்கேயும் வந்தாச்சா?" என்றாள் அவள்.

"எங்க வேணா தூக்கிட்டு வரலாம். அதுதான் இதோட சௌகரியம்" என்று சொல்லிவிட்டு, மடக்கு மேசையில் பலகையை இறுக்கிக் கணவர் தன் பாட்டுக்கு இழைக்க ஆரம்பித்தார்.

கொட்டகையில் அவரே செய்த பெரிய வேலை மேசை இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தாலும் நகராது. முப்பது வருடமாக லீவு நாளெல்லாம் அதோடுதான் குடித்தனம். அதை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு முன் இந்த மடக்கு மேசையை வாங்கி வந்தார். அதிலிருந்து பிடித்தது சனியன். அவள் துணி மடித்தால் படுக்கையறையில் மேசை, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் தோட்டத்தில் மேசை. நிழலாவது இருட்டில் விட்டுவிடும், இவர் விடுவதாக இல்லை. மரச்சுருளைப் பெருக்கிப் பெருக்கி அவள் இடுப்பு ஒடிந்தது.

மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவளை இப்படியா படுத்துவது என்று மகளிடம் போனில் புலம்பினாள்.

"துணைக்கு வெச்ச நர்ஸை நீதானேம்மா விரட்டின?" என்றாள் மகள்.

விரட்டாமல்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கணவரிடமும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. அவர் கதவைத் திறக்கப் போன சமயம் பார்த்து, பலகையைக் கடாசிவிடும் வேகத்தில் மேசையின் பிடியைத் தளர்த்தினாள். கையில் எடுத்தால் அது அட்டை கனம்கூட இல்லை.

அலமாரிக்கென்று வாங்கிய ஒன்றரை அங்குலப் பலகை. எந்த வேலை தொடங்கினாலும் பலகையின் அடியில் பென்சிலால் தேதி எழுதுவது அவர் வழக்கம். திருப்பிப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததற்கு மறுநாள் தேதி இருந்தது.

மூன்று மாதமாக ஒரே பலகை. ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

அவளுக்கு இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்றிருந்தது.

திரும்பி வந்தவர், அவள் கையில் பலகையைப் பார்த்ததும் திருடன் மாதிரி நின்றார்.

"இது இன்னும் ரெண்டு நாள்கூடத் தாங்காது" என்றாள் அவள். "சட்டையை மாத்துங்க, கடைக்குப் போவோம். நல்ல தடிமனா வேற ஒண்ணு பாத்து வாங்கணும். ரொம்ப வருஷத்துக்கு வரணும்."