பலகையின் நான்காவது வரி

இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். வெள்ளைப் பலகையின் நான்காவது வரியில் பச்சை மையில் அந்த எண் நிற்கிறது. பாடம் நடத்தும் கணினிக்கு எதையெல்லாம் ஊட்டலாம் என்று தோழியின் புது நிறுவனம் போட்டிருக்கும் பட்டியல் அது. பழைய வினாத்தாள்கள், பாடநூல்கள், மாணவர்கள் விட்ட பிழைகள். அவற்றுக்குக் கீழே, அந்த எண்ணுக்குப் பக்கத்தில், 'இயற்பியல், குரல் பதிவு, தப்பாவே சொல்லு பரவால்ல'. தோழியிடம் வேலை கேட்டு வந்திருக்கும் டீச்சர் கடைசி மூன்று சொற்களை மறுபடி படிக்கிறாள். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் அவள் சொல்வது அது. ஒரு வருடமாக, மாலைதோறும், தோழியின் சித்தி மகளுக்குப் போனில் சும்மா சொல்லிக்கொடுக்கும்போதும் சொன்னது. ஜன்னல் வெயில் பட்டுப் பச்சை எழுத்து மின்னுகிறது. தோழி பேனா மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

"காபி ஆறுதுடி, குடி."

"காய்ச்சலோடகூடச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைன்னு அப்படி அழுதாளே."

மேசையின் கோடியில் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நிற்கின்றன. "சாரி மிஸ்" என்கிறாள், தலை நிமிராமல். மூக்கடைத்தாற்போன்ற அந்தக் குரல் டீச்சரின் காதுக்கு ஒரு வருடப் பழக்கம். காபியின் மேல் ஆடை சுருங்குகிறது.

"இவதான் உன் சித்தி பொண்ணா?"

பேனா மூடியின் சத்தம் நின்றுபோகிறது. தோழி பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள்.

"எனக்குச் சித்தின்னு யாருமே கிடையாதுடி."